குழல் வாசித்த வீரனின் கொடிவழி



அமெரிக்கச் சுதந்திரப் போர் என்றதும் ஜோர்ஜ் வாஷிங்டனின் பெயரும் 1776 யூலை 4ஆம் திகதிப் பிரகடனமும் நினைவுக்கு வரும். அந்தப் போரில் குழல் வாசித்த ஒரு மனிதரின் பெயரை நம்மிற் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பார்சிலாய் லூ என்பது அவர் பெயர். பீப்பாய் செய்வது அவர் சீவனோபாயம். மாசாசூசெற்ஸ் மாநிலத்தில் குரோற்றன் என்னும் ஊரில் 1743இல் பிறந்து, 1822இல் இறந்தார். கறுப்பினத்தவர், ஆயினும் அடிமையாகப் பிறந்தவரல்லர். இந்த மனிதரின் முன்னோரையும் பின்னோரையும் பழைய கடதாசிகளின் வழியே தேடிப் போனால் வழி எங்கே அடைபடுகிறது, எங்கே திறக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

தமிழாசிரியனாகிய எனக்கு இவர்மேல் என்ன அக்கறை என்று கேட்கலாம். உயர்தர வகுப்பில் புறத்திணை நடத்தும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழுவதுண்டு. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டுவதற்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று தொடங்கி வாழ்த்தல் வரை துறைகள் வகுத்திருக்கிறது நம் இலக்கணம். அவன் மனைவியின் கைம்மைக்கும் தாபத நிலை என்று ஒரு துறை உண்டு. அவன் பேரப்பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதற்குத் துறை இல்லை. கல்லோடு கதை முடிந்துவிடுகிறது. லூ குடும்பத்தின் கதையில் எனக்குப் பிடித்தது, அது கல்லோடு முடியாதது. இன்னும் சொன்னால், போர்க்களத்திலேயே தொடங்காதது.

முதலில் குடிப்படை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் மிலிஷியா என்பார்கள். பிரித்தானிய ஆட்சிக்கால மாசாசூசெற்ஸில் நிரந்தரச் சம்பளப்படை கிடையாது. 16 வயது முதல் 60 வயது வரையான ஆண்கள் தங்கள் ஊர்ப்படையில் சேர்ந்தவர்கள் என்பது சட்டம். குறித்த நாள்களில் ஊர்ப் பொதுவெளியில் கூடித் துவக்குப் பயிற்சி செய்வார்கள். தச்சன், கொல்லன், கமக்காரன் எல்லோரும் அன்று வீரர்கள். மறுநாள் தத்தம் தொழிலுக்குத் திரும்பிவிடுவார்கள். 1775 ஏப்ரில் 19ஆம் திகதி லெக்சிங்டனிலும் கொன்கோட்டிலும் பிரித்தானியப் படையை எதிர்த்து நின்றவர்கள் இத்தகைய ஊர்ப்படையினரே.

இதிலே கறுப்பினத்தவருக்கு இடமிருந்ததா? 1656ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பயிற்சிக்கு எடுக்கலாகாது என்றது. 1707இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன்படி, சுதந்திரமாக வாழும் கறுப்பினத்தவர், மற்றவர்கள் பயிற்சி செய்யும் நாள்களுக்கு ஈடாக ஊர்த்தெருக்களைத் திருத்தும் வேலை செய்ய வேண்டும். ஆனால் ஆபத்து மணி அடித்தால் அவர்களும் வந்து நிற்க வேண்டும்! பயிற்சிக்கு வேண்டாம், ஆபத்துக்கு வேண்டும் என்ற இந்த வக்கிரத்தை யார் எழுதினார்களோ, எழுதும்போது அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை போலும். நடைமுறையிலோ, ஆள் தட்டுப்பாடான ஊர்களில் சட்டத்தைக் கண்டும் காணாமலும் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரும்பாலும் முரசும் குழலும் அவர்கள் கைக்குப் போயின.

இவற்றை வெறும் கொண்டாட்ட வாத்தியங்கள் என்று எண்ணிவிடக்கூடாது. துப்பாக்கிப் புகையிலும் கூச்சலிலும் தளபதியின் குரல் பத்து முழத்துக்கு அப்பால் கேட்காது. முன்னேறு, நில், பின்வாங்கு என்ற கட்டளைகளை முரசே கொண்டுபோகும். பாசறையில் துயிலெழுப்புவதும், உணவுக்கு அழைப்பதும், விளக்கணைக்கச் சொல்வதும் அதுவே. குழலும் முரசும் பிடித்தவன் பாதுகாப்பான மூலையில் நிற்க முடியாது. படையின் கடிகாரமும் அவன்தான், நாவும் அவன்தான்.

இனித் தேடலுக்கு வருவோம்.

ஒரு வீரனின் குடும்பத்தைத் தேடுபவர் முதலில் பார்ப்பது படை இடாப்பு. மாசாசூசெற்ஸ் அரசு தன்னிடமிருந்த சுதந்திரப் போர்க்கால இடாப்புகளையும் சம்பளப் பட்டியல்களையும் அகர வரிசைப்படுத்தி, 1896 முதல் 1908 வரை 17 பெருந்தொகுதிகளாக அச்சிட்டது. இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதை உணர, மத்திய அரசின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1800 நவெம்பரில் போர்த் திணைக்கள அலுவலகத்தில் தீப்பற்றி, அங்கிருந்த போர்க்கால ஏடுகள் எரிந்து போயின. மாநிலங்கள் தத்தம் பெட்டகங்களில் வைத்திருந்தவையே பின்வந்தோருக்குப் பெருந்துணையாயின. ஏட்டுச்சுவடிகளுக்குத் தீ என்ன செய்யும் என்பதை நம் நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த இடாப்புகளில் பார்சிலாய் லூ அகப்படுகிறார். 1775 மே 6ஆம் திகதி, செம்ஸ்போர்ட் என்ற ஊரிலிருந்து, கப்டன் ஜோன் போர்ட் என்பவரின் அணியில் சேர்ந்தார். அந்த அணி கேணல் எபனேசர் பிரிட்ஜின் 27ஆவது றெஜிமென்ற்றைச் சேர்ந்தது. அடுத்த மாதம், யூன் 17ஆம் திகதி, பொஸ்டன் நகருக்கு எதிரேயுள்ள பங்கர் குன்றுப் போரில் அவர் நின்றார். அந்தப் போரில் குன்றைப் பிடித்தவர்கள் பிரித்தானியர். ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை, இறந்தவரும் காயமுற்றவருமாக ஆயிரத்துக்கு மேல். அமெரிக்க தேசியப் பூங்காச் சேவைக்காகச் செய்யப்பட்டு 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, போரின் அந்த முதல் நாள்களில் நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பினத்தவரும் செவ்விந்தியரும் அமெரிக்கர் பக்கத்தில் நின்றதை ஊர் ஊராக, பெயர் பெயராகக் காட்டியது. அதற்கு முன் பாடநூல் ஓவியங்களில் அவர்கள் ஓரிருவராக மூலையில் நின்றார்கள்.

தேடுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே மனிதர் ஒரே போரில் பல வகைப் படைகளில் இருந்திருப்பார். 1775இல் லூ சேர்ந்தது எட்டு மாதத்துக்கென்று மாகாணம் திரட்டிய படை. 1777இல் அவர் பெயர் வேறோர் இடத்தில் வருகிறது. வடக்கே பேர்கோயின் என்ற பிரித்தானியத் தளபதி இறங்கி வந்தபோது, டிராகட் ஊரிலிருந்து தொண்டர்கள் சேர்ந்த ஒரு குடிப்படை அணி அங்கே உதவிக்குச் சென்றது. அதன் தலைவர் ஜோசப் பிராட்லி வார்னம். அதிலே குழலும் முரசும் லூவின் பொறுப்பு. அவ்வாண்டு ஒக்டோபர் 17இல் பேர்கோயின் சரட்டோகாவில் சரணடைந்தார். கப்டன் வார்னம் பின்னாளில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக 1807 முதல் 1811 வரை இருந்தவர். அவருடைய வம்சாவளியைத் தேட எவரும் சிரமப்பட வேண்டியதில்லை. அதே அணியில் குழல் வாசித்தவருடையதை ஒவ்வொரு கடதாசியாகப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

பெயரும் ஒரு தொல்லை. எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதினார். லூ என்ற ஓரசைப் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நினைத்துப் பாருங்கள். பார்சிலாய் என்ற முதற்பெயர் அதைவிடக் கடினம். அது எபிரேயப் பெயர். இரும்பு என்ற சொல்லோடு தொடர்புடையது. தாவீது அரசன் மகனுக்கு அஞ்சி ஓடியபோது உணவும் படுக்கையும் கொடுத்து ஆதரித்த முதியவரின் பெயர் அது என்று விவிலியம் சொல்லுகிறது. அத்தகைய பெயரை ஓர் ஊர் எழுதுவினைஞர் பிழையின்றி எழுதுவார் என்று எதிர்பார்க்க முடியுமா? எழுத்தை நம்பாமல் ஒலியை நம்பித் தேட வேண்டும் என்பது இத்துறையின் பாலபாடம்.

சரி, இவருடைய தாய் தந்தையர் யார்? குரோற்றன் ஊரின் பழைய விவாகப் பதிவுகளில் 1742ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு வரி இருக்கிறது. மணமகன் பிரையாமஸ், கப்டன் பொய்டன் என்பவரின் கறுப்பின வேலையாள். மணமகள் மார்கரெட், கலப்பினத்தவள், முன்னர் எஸ். எஸ். என்பவரிடம் வேலையாளாக இருந்தவள். அவ்வளவுதான். லூ என்ற குடும்பப் பெயர் அங்கே இல்லை. மணமகளின் பழைய எசமானருக்கு முதலெழுத்துகளைக்கூட விட்டுவைத்தார்கள். மணமகளுக்குத் தகப்பன் பெயர் எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரையாமஸ் என்பது திராய் நகரத்து முதிய அரசனின் பெயர். தங்கள் அடிமைகளுக்குக் கிரேக்க, உரோம அரசர் பெயர் வைத்து அழைப்பது அக்கால எசமானர்களுக்கு ஒரு வேடிக்கை. பின்னர் இவரைப் பிரைமஸ் லூ என்ற பெயரில் காண்கிறோம்.

இந்த வரியில் என் கண் நின்ற இடம் வேறு. அவள் ‘முன்னர்’ வேலையாளாக இருந்தவள் என்ற அந்த ஒரு சொல். வேலையாள் என்ற சொல்லின் போர்வையில் நியூ இங்கிலாந்துக்காரர் அடிமை என்பதை எழுதாமல் எழுதினார்கள். அக்கால வழக்கின்படி பிள்ளை தாயின் நிலையை அடையும். தாய் அடிமையானால் தந்தை யாராயிருந்தாலும் பிள்ளை அடிமை. தாய் சுதந்திரமானவளானால் பிள்ளையும் அப்படியே. மணநாளில் பிரையாமஸ் இன்னும் இன்னொருவருடைய ஆள். மார்கரெட்டோ அந்தத் தளையிலிருந்து விடுபட்டவள். மறு ஆண்டு பிறந்த பார்சிலாய் சுதந்திரக் குழந்தையாகப் பிறந்தது இந்தத் தாயினால். ‘முன்னர்’ என்ற சொல் அந்தப் பதிவில் இல்லாதிருந்தால் நமது வீரன் ஒரு சொத்துப் பட்டியலில் மாட்டுக்கும் கலப்பைக்கும் இடையே காணப்பட்டிருப்பான்.

அவர் வளர்ந்து, 1760இல், பிரெஞ்சுக்காரருக்கு எதிரான போரில் குரோற்றன் ஊர்க் கப்டன் தோமஸ் பாரிங்டனின் அணியில் சேவை செய்தார். அப்போது அவருக்கு 17 வயதுகூட நிரம்பவில்லை. திரும்பி வந்து செம்ஸ்போர்டில் பீப்பாய்த் தொழில் செய்தார். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல பலசாலி என்று சொல்லுகிறார்கள்.

பின்னர்தான் இந்தக் கொடிவழியின் நடுக்கணு வருகிறது. டைனா போமன் என்ற பெண்ணை அவர் மணக்க விரும்பினார். டைனா அடிமை. 1760களின் பிற்பகுதியில், மேஜர் ஏப்ரகாம் பிளட் என்பவரிடமிருந்து அவளது விடுதலையை 400 டொலர் கொடுத்து வாங்கினார் என்று அக்குடும்ப வரலாறு கூறுகிறது. அமெரிக்க டொலர் என்ற நாணயம் அப்போது பிறக்கவில்லை; ஸ்பானிய வெள்ளி டொலரே புழக்கத்தில் இருந்தது. எதில் கணக்கிட்டாலும், பீப்பாய் செய்கிற ஒருவருக்கு அது பல வருடச் சேமிப்பு. எத்தனை பலகை சீவி, எத்தனை வளையம் பூட்டினால் அந்தத் தொகை சேரும்!

நேயர்களே, இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். சீதனம் கொடுத்துப் பெண்ணை அனுப்பும் சமூகம் நம்முடையது. இங்கே மணமகன் பணம் கொடுத்தது பெண்ணின் தகப்பனுக்கல்ல, அவளை உடைமையாக வைத்திருந்தவனுக்கு. கொடுக்காமலும் மணந்திருக்கலாம். பிரையாமஸ் போன்ற எத்தனையோ பேர் எசமானின் தயவில் குடும்பம் நடத்தினார்கள். ஆனால் அப்படி மணந்திருந்தால், அவருக்குப் பிறக்கும் பிள்ளைகள் அவருடைய பிள்ளைகளாக இருக்கமாட்டா. சட்டத்தின் கண்ணில் மேஜருடைய உடைமைகளாகவே இருந்திருக்கும். தாயினால் வந்த சுதந்திரத்தின் பெறுமதியை அறிந்திருந்த மகன், தன் பிள்ளைகளின் தாய்க்கு அதை முதலில் வாங்கினான் என்றே நான் கொள்கிறேன். வீரனின் வம்சத்தைத் தேடுபவர்கள் பங்கர் குன்றைக் காட்டுவார்கள். என்னைக் கேட்டால், அந்த வம்சத்தின் உறுதிக் கடதாசி அந்த 400 டொலர்தான். சுதந்திரப் பிரகடனம் எழுதப்படுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே இந்தக் குடும்பம் தன் சுதந்திரத்தைத் தன் காசில் முடித்துவிட்டது.

அவர்களுக்கு 13 பிள்ளைகள். பெயர்களைப் பாருங்கள்: சாதொக், ஏமி, எரி, சிம்ரி, லூசி, அட்ராஸ்டஸ்... சாதொக், எரி, சிம்ரி ஆகியவை விவிலியப் பெயர்கள். அட்ராஸ்டஸ் என்பது கிரேக்கக் கதையில் தீப்ஸ் நகரத்தின்மேல் படையெடுத்த ஆர்கொஸ் நாட்டு அரசன் பெயர். தாத்தாவுக்கு எசமான் வேடிக்கையாக வைத்த கிரேக்கப் பெயருக்கும், பேரனுக்குத் தகப்பன் தானே தேர்ந்து வைத்த கிரேக்கப் பெயருக்கும் வேறுபாடு உண்டு. மெறிமாக் ஆற்றின் வடகரையில், டிராகட் ஊரின் போட்டக்கற்வில் பகுதியில் அவர்கள் கமம் வாங்கிக் குடியிருந்தார்கள். குடும்பம் முழுவதும் இசை தெரிந்தவர்கள் என்று அயலெங்கும் பெயர்.

போர் முடிந்தது. நாடு தன் முதலாவது குடிசன மதிப்பை 1790இல் எடுத்தது. நம்முடைய தேடலுக்கு இது கை கொடுக்குமா? கொஞ்சம்தான். அந்த மதிப்பில் குடும்பத் தலைவனின் பெயர் மாத்திரமே எழுதப்பட்டது. மற்றவர்கள் எண்ணிக்கைகள். வெள்ளை ஆண்களுக்கு வயது பார்த்து இரண்டு நிரல், வெள்ளைப் பெண்களுக்கு ஒன்று, அடிமைகளுக்கு ஒன்று, மிஞ்சியவர்களுக்கு ‘ஏனைய சுதந்திரமான ஆட்கள்’ என்று ஒரு நிரல். லூ குடும்பம் போன்றவர்கள் எல்லோரும், தாய், மகள், கைக்குழந்தை என்ற பேதமில்லாமல், அந்த ஒரு நிரலில் ஓர் இலக்கமாகப் போய் அமர்ந்தார்கள். வீட்டிலுள்ள சுதந்திரமானவர் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது 1850ஆம் ஆண்டு மதிப்பிலேதான். அதற்கு முன் பெண்களையும் பிள்ளைகளையும் தேவாலயக் குறிப்பேட்டிலும் ஊர்ப் பதிவிலும் காணி உறுதியிலும் தேட வேண்டும்.

இதனிலும் கொடிது ஒன்று உண்டு. 1792இல் அமெரிக்கக் கொங்கிரஸ் நாடு முழுவதற்குமான குடிப்படைச் சட்டத்தை நிறைவேற்றியது. 18 முதல் 45 வயது வரையான, உடல் வலுவுள்ள, சுதந்திரமான, ‘வெள்ளை’ ஆண் குடிகளே அப்படையில் சேர்க்கப்பட வேண்டும் என்றது அது. பங்கர் குன்றிலும் சரட்டோகா வழியிலும் குழல் வாசித்தவர் உயிரோடு டிராகட்டில் கமம் செய்துகொண்டிருக்கிறார். அவர் பிள்ளைகளுக்குக் குடிப்படையில் இடமில்லை. இந்த ஆண்டுகளை அடுத்தடுத்து எழுதிப் பார்க்கும்போது எனக்கு 1707ஆம் ஆண்டுச் சட்டமே மேல் என்று தோன்றுகிறது; அதிலாவது ஆபத்துக்கு அழைத்தார்கள்.

குடும்ப வரலாறு தேடுபவர்களுக்குப் பெரிய புதையல் ஓய்வூதிய மனுக்கள். 1818இல் வந்த சட்டம் வறுமையில் வாடிய பழைய போர்வீரருக்கு உதவியது. ஆனால் தேசியப் படையில் ஒன்பது மாதமாவது இருந்தவருக்கே. குடிப்படையினரைச் சேர்த்துக்கொண்டது 1832ஆம் ஆண்டுச் சட்டம். சேவைச் சான்று கையில் இல்லாத முதியவர்கள் நீதிமன்றத்தில் நின்று சத்தியக் கடதாசி கொடுத்தார்கள். எங்கே பிறந்தேன், யார் கீழ்ச் சேவித்தேன், எந்த ஆற்றைக் கடந்தோம், எந்த அயலவன் என்னைக் கண்டான் என்று அரை நூற்றாண்டுக்கு முந்திய கதை முழுவதையும் சொன்னார்கள். விதவைகள் கலியாணத்தை நிரூபிக்கக் குடும்ப விவிலியத்தில் பிறப்பு இறப்பு எழுதிவைத்த தாளையே கிழித்து அனுப்பினார்கள். தற்புகழ்ச்சிக்காக எழுதிய சுயசரிதைகளைவிட, பசிக்காக எழுதிய இந்தக் கடதாசிகளை நான் அதிகம் நம்புவேன். 1832ஆம் ஆண்டுச் சட்டம் பார்சிலாய்க்கு உதவவில்லை. அவர் இறந்து பத்து வருடம் ஆகிவிட்டிருந்தது. அவருடைய மறைவுக்குப் பின் டைனாதான் மாசாசூசெற்ஸ் அரசுக்கு மனுச் செய்து, கணவரின் சேவைக்கான ஓய்வூதியத்தைப் பெற்றாள். ஒரு காலத்தில் விலை குறித்து விற்கப்பட்ட பெண், ஒரு போர்வீரனின் விதவையாக அரசிடம் கேட்டு வாங்கினாள்.

இங்கே நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் சொல்லிச் செல்ல மனம் வருகிறது. லூ குடும்பத்தின் கமத்தருகே ஓடும் மெறிமாக் ஆறு நியூபரிபோர்ட் என்ற துறைமுகத்தில் கடலோடு கலக்கிறது. 1815 ஒக்டோபரில் அந்தத் துறைமுகத்திலிருந்துதான் டிரையட் என்ற கப்பலில் டானியல் பூவர் முதலிய அமெரிக்க மிஷனரிமார் இலங்கைக்குப் புறப்பட்டார்கள். பூவர் கற்ற அண்டோவர் இறையியற் கல்லூரியும் டிராகட்டுக்குத் தொலைவிலன்று. அவர் 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியதை யாழ்ப்பாணத்தவர் அறிவர். அந்தக் கப்பல் பாய் விரித்தபோது, அதே ஆற்றங்கரையில் மேலே 70 வயது கடந்த பார்சிலாய் லூ வாழ்ந்துகொண்டிருந்தார்.

இனி, பின்னோர். மகள் லூசி 1834இல் பொஸ்டனில் தோமஸ் டால்டன் என்பவரை மணந்தாள். டால்டன், கறுப்பின மக்கள் 1826இல் அமைத்த மாசாசூசெற்ஸ் பொதுச் சங்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். அடிமை ஒழிப்புக்காக உழைத்தவர். பொஸ்டன் நகரப் பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனியே ஒதுக்கி வைத்த வழக்கத்துக்கு எதிராகப் போராடியவர்களில் இத்தம்பதியரும் இருந்தார்கள். 1855இல் மாநிலச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது.

ஊரிலே தங்கியவர்களைத் தேடுவோருக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. லூ குடும்பம் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஊர் எல்லை அசைந்தது. போட்டக்கற்வில் 1874இல் டிராகட்டிலிருந்து பிரிக்கப்பட்டு லோவெல் நகரோடு சேர்க்கப்பட்டது. ஆதலால் தாத்தாவை டிராகட் பதிவிலும், பேரனை லோவெல் பதிவிலும் தேட வேண்டும். இன்னொரு பொறி, பெயர்கள் மீண்டும் மீண்டும் வருவது. பார்சிலாயின் மகன் ஓர் அட்ராஸ்டஸ். பிந்திய தலைமுறையிலும் ஓர் அட்ராஸ்டஸ். பேரன் பெயர் வைக்கும் வழக்கமுள்ள நமக்கு இந்தக் குழப்பம் புதிதன்று.

லோவெல் பருத்தி ஆலைகளின் நகரம். அந்த ஆலைகளுக்குப் பஞ்சு தெற்கே அடிமைகள் பறித்து அனுப்பியது. அங்கே நெய்த முரட்டுத் துணி தெற்கே அடிமைகளுக்கு உடுப்பாகத் திரும்பிப் போனது. அந்தத் துணிக்கு ‘லோவெல்’ என்றே பெயர். அதே நகரத்தின் ஓரத்தில், அட்ராஸ்டஸ் லூவும் மனைவி எலிசபெத்தும் வாழ்ந்த வீட்டில், தெற்கிலிருந்து தப்பி ஓடிவந்த அடிமைகளுக்குப் புகலிடம் கொடுக்கப்பட்டதாகக் குடும்ப வழக்கு உண்டு. இத்தகைய செய்திக்கு இடாப்பு இராது. பிடிபட்டால் தண்டனை என்ற காரியத்தை யார் எழுதி வைப்பார்கள்? வாய்மொழியை எழுத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்பது சரி. எழுத்தில் இல்லை என்பதற்காகப் பொய் என்று தள்ளிவிடுவது ஆராய்ச்சியாகாது.

அந்த வீட்டின் வழியில், 1884இல் லோவெலில் பிறந்தவர் ஹரி லூ. ‘பக்கி’ என்று அழைப்பார்கள். 1902இல், 18 வயதில், சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடிய முதல் கறுப்பின வீரராக அவர் களம் இறங்கினார். முதல் ஆட்டத்தில் அவரை வாங்கில் இருத்திவிட்டார்களாம். தம் பக்கத்து வீரர் குறைந்து, ஐவருக்கு நால்வர் என்றாகியும் இறக்க மனமில்லை. உள்ளூர் இரசிகர்கள் கலகத்துக்கு ஆயத்தமான பிறகே இறக்கினார்கள் என்று 1958இல் ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில் அவரே சொல்லியிருக்கிறார். எதிரணியினர் முழங்காலாலும் முழங்கையாலும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஆடினார். இன்று உலகம் அறிந்த தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் கறுப்பினத்தவர் முதன்முதல் ஆடியது 1950இல் என்பதை நினைத்தால் 1902 எத்தனை தொலைவு என்று தெரியும். அவருடைய சகோதரி தெரேசா லோவெல் ஆசிரியர் கலாசாலையில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். என் தொழிலைச் செய்தவர் என்பதால் அவரைத் தனியே குறிப்பிடுகிறேன்.

சுதந்திரப் போர் வீரரின் வம்சத்தவர் என்று நிரூபிப்பவர்களுக்கு அமெரிக்காவில் சங்கங்கள் உண்டு. ஆண்களுக்கு 1889இலும் பெண்களுக்கு 1890இலும் அவை தொடங்கின. ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, விவாக, மரணச் சான்றுகளை அடுக்கிக் காட்ட வேண்டும். இந்தப் பெண்கள் சங்கம்தான் 1939இல் மரியன் அண்டர்சன் என்ற கறுப்பினப் பாடகிக்குத் தன் மண்டபத்தைக் கொடுக்க மறுத்து உலகப் பழியைத் தேடிக்கொண்டது. கறுப்பின உறுப்பினர் ஒருவரை அது ஏற்றது 1977இல். பின்னர் அதே சங்கம், போரில் சேவை செய்த கறுப்பினத்தவரதும் செவ்விந்தியரதும் பெயர்களைப் பல வருடம் தேடி, 2008இல் 6,600க்கு மேற்பட்ட பெயர்களை ஒரு பெருநூலாக வெளியிட்டது. கதவைச் சாத்தியிருந்த கையே பட்டியலையும் எழுதியது. தாமதமாயினும் அந்த நூலைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெயர்களைத் தேடுபவனுக்கு அதைத் தொகுத்தவர்கள் எல்லோரும் உறவினர்.

பார்சிலாய் லூவின் பெயரில் டியூக் எலிங்டன் என்ற புகழ்பெற்ற ஜாஸ் இசையமைப்பாளர் 1943இல் ஓர் இசைக்கோலம் அமைத்தார். போரில் அவர் கொண்டுபோன வெடிமருந்துக் கொம்பு, மாட்டுக் கொம்பில் செய்தது, சந்ததியாரால் பாதுகாக்கப்பட்டுச் சிக்காகோவிலுள்ள டுசாபிள் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. 1961இல் அந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரின் பெயர் ஜெராட் லூ.